காற்று அணைக்கும் மின்தீ: காற்றுவீச்சுச் சுற்றுமுறிப்பான்களின் இயக்கமும் வகைகளும்

ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை நிறுத்துவது, வீட்டுச் சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டும் வேலையின் பெரிய வடிவம் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. விளக்கு ஒன்றை அணைக்கும்போது சுவிட்சுக்குள் தெறிக்கும் சிறு பொறியைப் பொருட்படுத்துவார் இல்லை. ஆனால் 4,00,000 வோல்ட் அழுத்தமுள்ள தொடரில் பழுது ஏற்பட்டு, 40,000 ஆம்பியர் அளவுக்குக் குறுக்குச்சுற்று மின்னோட்டம் பாயும்போது, அதே பொறி சூரியனின் மேற்பரப்பைவிட வெப்பமான ஒரு தீத்தம்பமாக எழுந்து நிற்கிறது; அதைச் சில நூறிலொரு பங்கு நொடிக்குள் அணைக்காவிட்டால் மின்மாற்றியும் மின்னாக்கியும் சிதைந்து, ஒரு மாநிலத்தின் மின்வழங்கல் முழுவதும் நிலைகுலையக்கூடும். இந்தப் பெரும்பணிக்கென அமைந்த கருவியே சுற்றுமுறிப்பான். மின்வாரியத்தாரின் அன்றாடப் பேச்சில் பிரேக்கர். சுற்றுமுறிப்பான்களுள் அழுத்தப்பட்ட காற்றை வீசி மின்தீயை அணைக்கும் காற்றுவீச்சு வகை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உயர் மின்னழுத்தத் துறையையே தாங்கி நின்ற ஒன்றாகும்.

பிரேக்கருக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள, முதலில் மின்வில் என்பதை அறிய வேண்டும். ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத் தொடுமுனைகள் பிரியத் தொடங்கும்போது, அவை கடைசியாக ஒட்டியிருக்கும் புள்ளிகள் மிகச் சிறியவை என்பதால், முழு மின்னோட்டமும் அந்தச் சில புள்ளிகளின் வழியே நெருக்கியடித்துப் பாய்ந்து, உலோகத்தை உருக்கி ஆவியாக்குகிறது. அந்த ஆவியிலும் அதைச் சூழ்ந்த காற்றிலும் உள்ள அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன. சாதாரண நிலையில் மின்சாரத்தைக் கடத்தாத காற்று, 10,000 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் நல்ல கடத்தியாக மாறிவிடுகிறது. தொடுமுனைகளை எவ்வளவு விரைவாக விலக்கினாலும், அவற்றுக்கிடையே இந்த ஒளிரும் பாலம் நீண்டுகொண்டே போகும். பாலத்தின் பெயரே மின்வில்.

மின்வில்லைப் பகையாக மட்டும் காண்பது வழக்கம்; அது முழு உண்மையன்று. மின்தொடர்களும் மின்மாற்றிகளும் தம்மைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தில் ஆற்றலைத் தேக்கி வைத்திருப்பவை. மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்போது அதை நொடிப்பொழுதில் வெட்டினால், தேங்கிய ஆற்றல் போக்கிடம் இன்றித் தாங்கவொண்ணா மின்னழுத்தமாக எழும். மின்வில் இருப்பதனால்தான் மின்னோட்டம் தன் இயல்பான வழியில் தணிந்து சுழியை அடைகிறது. மாறுதிசை மின்சாரத்தின் பெருங்கொடை இதுவே: 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை, அதாவது 10 மில்லிநொடிக்கு ஒருமுறை, தானாகவே சுழியைக் கடக்கிறது. அந்தக் கணத்தில் மின்வில்லுக்கு ஊட்டம் இல்லை. அது தானே அவிகிறது. ஆகவே பிரேக்கரின் வேலை மின்வில்லை அணைப்பது என்பதைவிட, அணைந்த மின்வில்லை மீண்டும் மூளவிடாமல் தடுப்பது என்று சொல்வதே சரி.

மூளுமா மூளாதா என்பது ஒரு பந்தயத்தைப் பொறுத்தது. சுழி கடந்தவுடன், தொடுமுனைகளின் இடையே மின்தொகுதி தரும் மின்னழுத்தம் மீண்டும் தோன்றி ஏறுகிறது. இதற்கு மீள்மின்னழுத்தம் என்று பெயர். அதே வேளையில், இடைவெளியில் எஞ்சியிருக்கும் சூடான வாயு குளிர்ந்து, அயனிகள் மறைந்து, மின்காப்பு வலிமை திரும்பி வருகிறது. காப்பு வலிமை முந்தினால் சுற்று முறிந்தது; மீள்மின்னழுத்தம் முந்தினால் மின்வில் மறுபடியும் பற்றிக்கொண்டு அடுத்த சுழிவரை எரியும். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசஃப் ஸ்லெப்பியன் 1928-இல் இந்தப் பந்தயக் கொள்கையை முன்வைத்தார். மின்வில் பெறும் ஆற்றலையும் இழக்கும் ஆற்றலையும் ஈடுகட்டிப் பார்க்கும் கணக்கைக் காஸ்ஸி 1939-இலும், மாயர் 1943-இலும் வகுத்தனர். பிரேக்கர் வடிவமைப்பு இன்றும் இவ்விரு அடித்தளங்களின்மேல்தான் நிற்கிறது.

இந்தப் பந்தயத்தில் காப்பு வலிமைக்கு உதவ வரும் பொருள் எது என்பதை வைத்தே பிரேக்கர்களுக்குப் பெயர் அமைகிறது. தொடக்கக் காலத்தில் எண்ணெய் ஆண்டது. எண்ணெய்க்குள் தொடுமுனைகள் பிரியும்போது மின்வில்லின் வெப்பத்தால் எண்ணெய் சிதைந்து, பெரும்பங்கு ஹைட்ரஜனாக வாயு பிறந்து, அந்த வாயுவே மின்வில்லைக் குளிர்விக்கிறது. இதில் நுட்பமான ஒரு குணம் உண்டு. மின்வில் தன்னை அணைக்கும் படையைத் தானே உண்டாக்குகிறது. மின்னோட்டம் பெரிதானால் வாயுவும் மிகுதி, சிறிதானால் வாயுவும் குறைவு. ஆயினும் பல்லாயிரம் லிட்டர் எண்ணெய் நிறைந்த தொட்டிக்குள் மின்தீயை வளர்ப்பது தீவிபத்துக்கு அழைப்பு விடுப்பதற்கு ஒப்பானது என்பதால், ஐரோப்பியப் பொறியாளர்கள் எண்ணெய் இல்லாத வழியைத் தேடினர். 1920-களின் பிற்பகுதியில் பிரிட்டனின் மின்தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த விட்னி, வெட்மோர் ஆகியோரின் ஆய்வுகள் அச்சுவழிக் காற்றுவீச்சுக்கு வழி திறந்தன. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் நிறுவனங்கள் அதே திசையில் நடந்தன.

காற்றுவீச்சு முறையின் தனித்தன்மை ஒரே கூற்றில் அடங்கும்: மின்வில்லை அணைக்கும் படை வெளியிலிருந்து வருகிறது, அதன் வலிமை மின்னோட்டத்தின் அளவைச் சார்ந்ததன்று. கம்ப்ரசர் ஏற்கெனவே அழுத்தித் தொட்டியில் அடைத்து வைத்த காற்று, மின்னோட்டம் 40,000 ஆம்பியராக இருந்தாலும் 5 ஆம்பியராக இருந்தாலும் ஒரே வேகத்தில் பாயும். இந்த வகையின் சிறப்புகளும் சிக்கல்களும் பெரும்பாலும் இந்த ஒரு பண்பிலிருந்தே கிளைக்கின்றன.

ஒரு துணைமின் நிலைய யார்டில் நிற்கும் காற்றுவீச்சு பிரேக்கரின் ஒரு ஃபேசைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால், அடியில் உருண்டு நீண்ட எஃகுத் தொட்டி கிடக்கும். அதில் சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 30 கிலோகிராம் வரை அழுத்தமுள்ள காற்று இருக்கும். காரின் டயரில் உள்ள அழுத்தத்தைப்போல் இது ஏறத்தாழப் பத்து மடங்கோ அதற்கு மேலோ ஆகும். தொட்டியின் மேல் உட்துளையுள்ள பீங்கான் தூண் நிற்கும். அது உயர் மின்னழுத்தத்தைத் தரையிலிருந்து பிரித்துக் காப்பதோடு, காற்றை மேலே கொண்டு செல்லும் குழாயாகவும் பயன்படும். தூணின் தலையில், இருபுறமும் கை விரித்தாற்போல் மின்வில் அறைகள் அமைந்திருக்கும். பழுது ஏற்பட்டதும் அதை உணரும் ரிலே ஆணையிட, டிரிப் சுருள் சிறு வால்வைத் திறக்க, சிறு வால்வின் காற்று பெரிய வீச்சு வால்வைத் தள்ளித் திறக்க, தொட்டிக் காற்று அறைக்குள் பாய்கிறது. அங்கே அது இரண்டு வேலைகளை ஒருங்கே செய்கிறது: சுருள்வில்லின் அழுத்தத்தை மீறி நகரும் தொடுமுனையைப் பின்னுக்குத் தள்ளித் திறக்கிறது, திறந்த வாய்வழியே, நாசில் எனப்படும் குறுங்குழலின் ஊடாகப் பீறிட்டு, அங்கே பிறந்த மின்வில்லைத் தழுவி ஓடுகிறது.

நாசிலின் குறுகிய கழுத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டுகிறது. வெளிப்புற அழுத்தம் உட்புற அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் கீழே இருந்தாலே இது நிகழும் என்பதால், 20 கிலோ அழுத்தத்துக்கு இது எளிது. இவ்வாறு பாயும் காற்று, மின்வில்லின் மேற்புறத்தைச் சீவி வெப்பத்தை அள்ளிச் சென்று, அதை மெல்லிய இழையாக ஒடுக்குகிறது. சுழியை நெருங்கும்போது இழை இன்னும் மெலிகிறது. சுழி கடந்த முதல் சில மைக்ரோநொடிகளில், எஞ்சிய இழைக்குள் மீள்மின்னழுத்தம் செலுத்தும் சிறு மின்னோட்டம் தரும் வெப்பத்தைவிட, காற்று அகற்றும் வெப்பம் மிகுதியாக இருக்க வேண்டும். அடுத்த சில நூறு மைக்ரோநொடிகளில், சூடான வாயு முழுவதும் வெளியேறி அதன் இடத்தைப் புதிய, அழுத்தமான, குளிர்ந்த காற்று பிடித்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் கூடக் கூடக் காற்றின் காப்பு வலிமையும் கூடுகிறது. ஆகவே உயர் அழுத்தக் காற்று அணைக்கும் கருவியாகவும் காக்கும் சுவராகவும் ஒருசேரப் பணிபுரிகிறது.

காற்று எந்தத் திசையிலிருந்து மின்வில்லை எதிர்கொள்கிறது என்பதை வைத்துக் காற்றுவீச்சு பிரேக்கர்கள் முதன்மையாக வகைப்படுத்தப்படுகின்றன. மேலே விவரிக்கப்பட்டது அச்சுவழி வீச்சு: காற்றும் மின்வில்லும் ஒரே கோட்டில், ஒன்றின் நெடுக்கே மற்றொன்று. உயர் மின்னழுத்தங்களுக்கு இதுவே பெருவழக்கு. இதில் தொடுமுனைகள் விலகும் தொலைவு மிகச் சிறிது. ஓரிரு சென்டிமீட்டரே போதும். இடைவெளி அதற்குமேல் அகன்றால் மின்வில் நீண்டு கூடுதல் ஆற்றலைக் கக்கும். காற்றோட்டமும் தன் கூர்மையை இழக்கும். இடைவெளி குறுகியதாக இருப்பதால் மின்வில் எரியும் நேரமும் தொடுமுனைத் தேய்மானமும் குறைகின்றன.

குறுக்கு வீச்சில் காற்று மின்வில்லுக்குச் செங்குத்தாக வந்து தாக்குகிறது. அகல்விளக்கின் சுடரைப் பக்கவாட்டில் ஊதினால் அது வளைந்து நீள்வதைப்போல், மின்வில் பக்கவாட்டில் வளைந்து, காப்புப் பொருளால் ஆன தடுப்புத் தகடுகள் வரிசையாக நிற்கும் அறைக்குள் தள்ளப்படுகிறது. தகடுகளின் விளிம்பில் சுற்றி வளைந்து நீளும் மின்வில்லின் மின்தடை உயர்கிறது, வெப்பமும் தகடுகளில் இழக்கப்படுகிறது. மின்வில்லே கணிசமான மின்தடையாகிவிடுவதால் மீள்மின்னழுத்தத்தைத் தணிக்கத் தனி மின்தடை பல வேளைகளில் தேவைப்படுவதில்லை. ஆனால் மின்னழுத்தம் உயர உயர மின்வில்லை நீட்டுவதற்கு அறை பெரிதாக வேண்டும், காற்றும் மிகுதியாகச் செலவாகும்; ஆதலால் இந்த வகை, ஏறத்தாழ 15 கிலோவோல்ட் வரையிலான நடுத்தர மின்னழுத்தத்தில், பெரிய மின்னோட்டங்களை முறிக்கும் இடங்களில் மட்டும் நிலைத்தது.

மூன்றாவது ஆர வீச்சு. இதில் காற்று நாற்புறமிருந்தும் சக்கரத்தின் ஆரங்களைப்போல் மையத்தை நோக்கிப் பாய்ந்து, மின்வில்லைச் சூழ்ந்து நெருக்கி, பின்னர் உட்துளையுள்ள தொடுமுனைகளின் வழியே அச்சுவாக்கில் வெளியேறுகிறது. ஒரு தொடுமுனை மட்டும் துளையுடையதாக இருந்தால் ஒருபுற வெளியேற்றம்; இரண்டும் துளையுடையவையானால் இருபுற வெளியேற்றம். இருபுற வெளியேற்றத்தில் மின்வில்லின் நடுப்பகுதியில் காற்று இரண்டாகப் பிரிந்து எதிரெதிர்த் திசைகளில் ஓடுவதால், மின்வில்லின் இரு அடிகளும் தொடுமுனைகளின் உட்புறத்துக்கு இழுத்துச் செல்லப்படுகின்றன. உலோக ஆவி இடைவெளியில் தங்காமல் வெளியேறுகிறது. அச்சுவழி வகையின் மெருகேறிய வடிவமென்றே இதைக் கொள்வது பொருந்தும்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்தத் திசைப் பாகுபாட்டோடு நின்றுவிடுகின்றன. ஆனால் பணியிடத்தில் பிரேக்கரின் குணத்தைத் தீர்மானித்தது வேறொரு பாகுபாடு: காற்று நின்ற பிறகு இடைவெளியைக் காப்பது எது? ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி உயர் அழுத்தக் காற்று நிறைந்திருக்கும்வரைதான் தாங்கும். வீச்சு நின்று அறை சாதாரண வளிமண்டல அழுத்தத்துக்குத் திரும்பினால் அந்த இடைவெளி முழு மின்னழுத்தத்தின் முன் ஒன்றுமில்லை. எனவே முந்தைய வடிவங்களில், மின்வில் அறையோடு தொடராகத் ஐசொலேட்டர் எனப்படும் தனித் துண்டிப்புக் கத்தி ஒன்று திறந்த வெளியில் அமைக்கப்பட்டது. காற்று வீசித் தொடுமுனைகள் திறக்கும், மின்வில் அணையும், மின்னோட்டம் இல்லாத அந்தச் சிறு பொழுதில் ஐசொலேட்டர் அகலத் திறக்கும், அதன் பின்னரே வீச்சு நிற்கும், காற்றழுத்தம் நீங்கியதும் சுருள்வில் தொடுமுனைகளைப் பழையபடி மூடிவிடும். சுற்று திறந்திருக்கும்போது மின்வில் தொடுமுனைகள் மூடியே இருக்கும் என்பது முதன்முறை கேட்பவர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி. திரும்ப மூடுவதை ஐசொலேட்டரே செய்யும்.

இந்த அமைப்பின் குறை காற்றின் பயணத்தில் இருந்தது. வீச்சு வால்வு அடியில் இருந்தால், அழுத்த அலை பீங்கான் தூணின் உயரம் முழுவதையும் கடந்தாக வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் என்றால், 3.4 மீட்டர் உயரத்தைக் கடக்க 10 மில்லிநொடி, அதாவது மாறுதிசை அலையின் அரைச் சுற்று, வீணாகிறது. இரண்டு சுற்றுகளுக்குள், 40 மில்லிநொடிக்குள், முறித்தாக வேண்டிய 400 கிலோவோல்ட் தொகுதியில் இது பெரும் இழப்பு. இதனால்தான் மின்வில் அறையை எப்போதும் அழுத்தக் காற்றிலேயே மூழ்கடித்து வைக்கும் அமைப்பு பிறந்தது. தொடுமுனைகள் தலையிலேயே அழுத்தத்துக்குள் காத்திருக்கும். வீச்சு வால்வு வெளியேறும் வாயில் இருக்கும். வால்வு திறந்தவுடனே பாய்ச்சல் தொடங்கும். முறிந்த பின் வால்வு மூடிக்கொள்ள, திறந்த தொடுமுனைகள் உயர் அழுத்தக் காற்றுக்குள்ளேயே நின்று முழு மின்னழுத்தத்தையும் தாங்கும். ஐசொலேட்டர் கத்திக்கு வேலை இல்லாமற்போயிற்று. காற்றுவீச்சுத் தொழில்நுட்பம் அடைந்த சிகரம் இதுவே என்பதில் ஐயமில்லை.

மின்னழுத்தம் உயர்ந்தபோது, ஒரே அறையைப் பெரிதாக்குவதற்குப் பதிலாகப் பல அறைகள் தொடராக அடுக்கப்பட்டன. அடுக்கினால் மட்டும் போதாது. ஒவ்வோர் அறைக்கும் தரைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத மின்தேக்கம் இருப்பதால், மின்னழுத்தம் அறைகளுக்குள் சமமாகப் பங்கிடப்படாமல் ஒன்றின்மேலேயே கூடுதலாக விழும். இதைச் சரிசெய்ய ஒவ்வோர் அறைக்கும் இணையாகச் சமன்செய் மின்தேக்கிகள் பொருத்தப்பட்டன. கனடாவில் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனம் 1965 நவம்பரில் உலகின் முதல் 735 கிலோவோல்ட் வணிகத் தொடரை இயக்கியபோது, அந்த மின்னழுத்தத்தை முறிக்கும் பொறுப்பை ஏற்றவை இவ்வாறு பல அறைகள் அடுக்கிய காற்றுவீச்சு பிரேக்கர்களே. மின்னாக்கிக்கும் மின்மாற்றிக்கும் இடையே பல்லாயிரம் ஆம்பியர் இடைவிடாது ஓடும் பாதையிலும், 1970 வாக்கில் பிரவுன் பவேரி நிறுவனம் காற்றுவீச்சு பிரேக்கர்களை நிறுத்தியது.

இனி, மின்னோட்டத்தின் அளவைச் சாராத வீச்சு என்ற அதே பண்பின் மறுபக்கம். மின்சுமை ஏதும் இல்லாத மின்மாற்றி ஒன்றைத் துண்டிக்கும்போது ஓடுவது, அதன் இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்கும் சில ஆம்பியர் மட்டுமே. எண்ணெய் பிரேக்கரில் சிறு மின்வில் சிறு வாயுவையே உண்டாக்கும். மின்னோட்டம் அமைதியாகச் சுழிவரை செல்லும். காற்றுவீச்சிலோ 40,000 ஆம்பியருக்கென அளந்து வைத்த புயல் அதே வேகத்தில் வந்து, நலிந்த அந்த மின்வில்லைச் சுழி வருமுன்னரே அறுத்துவிடுகிறது. இதற்கு மின்னோட்ட வெட்டு என்று பெயர். வெட்டப்பட்ட கணத்தில் மின்மாற்றியின் காந்தப்புலத்தில் இருந்த ஆற்றல், அதன் சுருள்களுக்கு இயல்பாகவே உள்ள மிகச் சிறிய மின்தேக்கத்துக்குள் பாய்ந்து மின்னழுத்தமாக எழும். மின்தூண்டல் 36 ஹென்றி, மின்தேக்கம் 0.0036 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், ஒன்றை மற்றொன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கக் கிடைப்பது 1,00,000 ஓம். வெட்டப்பட்ட மின்னோட்டம் 5 ஆம்பியர் என்றால் எழக்கூடிய மின்னழுத்தம் 5,00,000 வோல்ட். 132 கிலோவோல்ட் தொகுதியில் ஒரு ஃபேசின் இயல்பான உச்சம் ஏறத்தாழ 1,08,000 வோல்ட் மட்டுமே என்பதோடு இதை ஒப்பிட்டால் ஆபத்தின் அளவு விளங்கும். நடைமுறையில் அந்த அளவை எட்டுமுன் இடைவெளியில் மின்வில் மீண்டும் மூண்டு ஆற்றலின் ஒரு பகுதியைக் கரைத்துவிடும் என்றாலும், காப்புப் பொருளுக்கு விழும் அடி பெரிது.

இன்னொரு சோதனை, தொடரில் பிரேக்கரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள் விழும் பழுது. பிரேக்கரின் வாயிலிலேயே விழும் பழுதைவிட இதில் மின்னோட்டம் குறைவு; ஆகவே இது எளிது என்று நெடுநாள் எண்ணப்பட்டது. உண்மை எதிர்மாறானது. மின்னோட்டம் நின்றதும், பிரேக்கருக்கும் பழுதுக்கும் இடையிலான குறுந்தொடரில் மின்னழுத்த அலைகள் முன்னும் பின்னும் ஓடி, ரம்பப்பல் வடிவில் செங்குத்தாக ஏறும் மீள்மின்னழுத்தத்தை எழுப்புகின்றன. அலைத்தடை 450 ஓம் உள்ள தொடரில், 40,000 ஆம்பியர் பழுது மின்னோட்டத்துக்கு, அந்த ஏற்றம் மைக்ரோநொடிக்கு ஏறத்தாழ 8,000 வோல்ட். சுழிக்குப் பின் தன் கடத்துதிறனை இழக்க மற்ற சில வாயுக்களைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும் காற்றுக்கு இந்த வேகம் கடினமான சவால்.

இரண்டு நோய்க்கும் மருந்து மின்தடையே. ஆனால் அளவு வேறு. மின்வில் அறைக்கு இணையாக ஒரு மின்தடையை வைத்தால், மீள்மின்னழுத்தத்தை ஏற்றும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அதன் வழியே வடிந்து, ஏற்றம் தணிகிறது, அலைவுகள் அடங்குகின்றன. தொடர்ப்பழுதின் செங்குத்தேற்றத்தைத் தணிக்கச் சில நூறு ஓம் அளவிலான மின்தடை வேண்டும். மின்னோட்ட வெட்டின் அலைவை அறவே அடக்கவோ, மேற்கண்ட வர்க்கமூல மதிப்பில் பாதி, அந்த எடுத்துக்காட்டில் 50,000 ஓம், போதும். ஒரே மதிப்பு இரண்டுக்கும் பொருந்தாததால், மின்னழுத்தம் உயரும்போது தானே தடை குறையும் நேரிலா மின்தடைகளும் பயன்படுத்தப்பட்டன. முதன்மை மின்வில் அணைந்த பின் மின்தடை வழியே எஞ்சி ஓடும் மின்னோட்டம் சிறிது; அது மின்னழுத்தத்தோடு ஒத்தே ஏறி இறங்குவதால், துணைத் தொடுமுனையோ ஐசொலேட்டரோ அதை எளிதில் முறித்துவிடும்.

காற்றுவீச்சு பிரேக்கர் தமிழ்நாட்டு மக்களின் தலைக்கு மேலேயே பல்லாண்டுகள் இயங்கியது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 25 கிலோவோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் இந்திய ரயில் எஞ்சின்களின் கூரையில், பாண்டோகிராஃப் எனப்படும் மின்வாங்கிக்கும் எஞ்சினுக்குள் உள்ள மின்மாற்றிக்கும் நடுவே ஒரு பிரேக்கர் உண்டு. பிரெஞ்சு மூலத்திலிருந்து வந்த பெயரின் சுருக்கமாக ஓட்டுநர்கள் அதை டிஜே என்பர். டபிள்யூ.ஏ.ஜி-5 போன்ற பழைய எஞ்சின்களில் டிஜே என்பது காற்றுவீச்சு பிரேக்கராகவே இருந்தது. கிடையாகப் படுத்த பீங்கான் அறைக்குள் மின்வில் தொடுமுனை, அதற்கு இணையாக நேரிலா மின்தடை, பக்கத்தில் சுழன்று திறக்கும் ஐசொலேட்டர் என, மேலே சொன்ன முதல் வடிவத்தின் இலக்கணம் முழுவதும் ஒரு கூரைக்குள் அடங்கிய படிமம் அது. துணைமின் நிலையத்தின் பிரேக்கர் ஆண்டுக்குச் சில முறை மட்டுமே பழுதை முறிக்கிறது. டிஜேயோ, வெவ்வேறு மின்வழங்கல்கள் சந்திக்கும் இடத்தில் மின்சாரமின்றி விடப்பட்டிருக்கும் நடுநிலைப் பகுதி ஒவ்வொன்றையும் வண்டி கடக்கும்போது, ஒருமுறை திறந்து ஒருமுறை மூட வேண்டும்.

அங்கே ஒரு புதிரும் அதன் எளிய விடையும் உள்ளன. டிஜேயை மூடக் காற்றழுத்தம் வேண்டும்; அழுத்தம் தரும் பெரிய கம்ப்ரசர் இயங்க மின்சாரம் வேண்டும்; மின்சாரம் வர டிஜே மூடியிருக்க வேண்டும். இரவு முழுவதும் நின்று காற்று வடிந்துபோன எஞ்சினை எழுப்புவது எவ்வாறு? இதற்கென்றே பாட்டரியில் ஓடும் பேபி கம்ப்ரசர் என்ற சிறு இயந்திரம் வைக்கப்பட்டது. அது சில நிமிடம் ஓடிச் சிறு கலனில் அழுத்தம் ஏற்ற, பாண்டோகிராஃப் எழும்பிக் கம்பியைத் தொடும், டிஜே மூடும், அதன் பின்னரே பெரிய கம்ப்ரசர் பொறுப்பேற்கும். காற்றை நம்பிய பொறியியலின் முழுத் தர்க்கமும் இந்த ஒரு சிறு இயந்திரத்தில் தெரிகிறது.

காற்றை நம்புவதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. காற்று இலவசம், அழுத்தப்பட்ட, உலர்ந்த காற்று இலவசமன்று. நாசிலில் விரிந்து பாயும் காற்று சட்டெனக் குளிர்வதால், அதில் ஈரம் இருந்தால் பீங்கானின் உட்சுவரில் பனித்துளியாகப் படிந்து காப்பைக் கெடுத்துவிடும். ஆகவே காற்றைத் தேவைக்கும் பல மடங்கு அழுத்தத்துக்கு முதலில் ஏற்றி, குளிர்வித்து, பிரிந்த நீரை வடித்து, பின்னர் அழுத்தத்தைத் தணித்து அனுப்பும் முறை கையாளப்பட்டது. நான்கு மடங்கு அழுத்தத்தில் ஈரம் செறிந்து நிற்கும் காற்றை அதே வெப்பநிலையில் நான்கில் ஒரு பங்குக்குத் தணித்தால், ஈரப்பதம் நூற்றுக்கு ஏறத்தாழ 25-ஆக இறங்கிவிடும். இதற்கான கம்ப்ரசர் அறை, மாற்றுக் கம்ப்ரசர், யார்டு முழுவதும் ஓடும் குழாய்கள், நூற்றுக்கணக்கான இணைப்புகள், அவற்றில் கசிவு தேடும் ஓயாத வேலை ஆகிய அனைத்தும் பிரேக்கரின் பகுதிகளே. அழுத்தம் வரம்புக்குக் கீழே இறங்கினால் பிரேக்கர் திறப்பதற்கே பூட்டு விழும். வலுவற்ற வீச்சோடு திறப்பது திறக்காமல் இருப்பதைவிடக் கொடியது. திறக்கும்போது எழும் ஓசையோ பீரங்கி வெடிப்பதற்கு நிகர். குடியிருப்புகளின் அருகே ஒலியடக்கிகள் கட்டாயமாயின.

இந்தச் சுமைதான் காற்றுவீச்சை ஓய்வு பெறச் செய்தது. சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு என்ற வாயு, ஒரே அழுத்தத்தில் காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காப்பு வலிமையுடையது. சுழிக்குப் பின் மிக விரைவில் கடத்துதிறனை இழப்பது. பன்னிரண்டு வரை அடுக்கிய அறைகளின் வேலையை ஓரிரண்டு அறைகளில், ஓசையின்றி, கம்ப்ரசர் அறையின்றி அது முடித்தது. நடுத்தர மின்னழுத்தத்திலும் ரயில் எஞ்சின்களிலும் வெற்றிட பிரேக்கர் இடம்பிடித்தது. ஆனால் அந்த வாயு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 20,000 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமியற்றி, புதிய மின்முறிப்புக் கருவிகளில் அதன் பயன்பாட்டைப் படிப்படியாக விலக்கி வருகிறது. வெற்றிடத்தில் முறித்து, சுற்றிலும் உலர்ந்த காற்றைக் காப்பாக நிரப்பும் வடிவங்கள் இப்போது உயர் மின்னழுத்தத்திலும் வரத் தொடங்கியுள்ளன. வீசும் காற்று போய், நிற்கும் காற்று திரும்பியிருக்கிறது.

இன்றைய பிரேக்கர்கள் முத்திரையிட்டு அடைக்கப்பட்டவை. அவற்றைத் திறந்து காட்டிப் பாடம் நடத்த இயலாது. காற்றுவீச்சு பிரேக்கரிலோ தொட்டி, வால்வு, நாசில், தொடுமுனை, மின்தடை என ஒவ்வோர் உறுப்பும் கண்ணால் கண்டு கையால் தொடக்கூடியது. மின்வில் எவ்வாறு அணைகிறது என்பதை அதைப்போல் வெளிப்படையாகக் காட்டும் கருவி வேறில்லை. பணி முடிந்து யார்டிலிருந்து கழற்றப்படும் இந்தப் பிரேக்கர்கள் எடைக்கு விற்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு ஃபேசையேனும் குறுக்குவாட்டில் வெட்டித் திறந்து, அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் நிறுத்தி வைக்க மின்நிறுவனங்களும் ரயில்வே பணிமனைகளும் முன்வர வேண்டும்.